மிஸ்ஸியைக் கேளுங்கள்: 37 வயதில் ஓட்டிசமா?

சென்ற இதழில் பிள்ளைகளின் ஓட்டிசம் (autism, மற்றவர்களோடு பழகுவதும் சத்தத்தையும் மாற்றத்தையும் தாங்குவதும் கஷ்டமாக இருக்கும் நிலை) பற்றி அரைப்பக்கம் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதி பெரியவர்கள் தங்களைப் பற்றியே எழுதியவை. நான் இதை எதிர்பார்க்கவில்லை. ஒரு கடிதத்தை முழுவதுமாகவே போடுகிறேன். எழுதியவர் சம்மதம் தந்திருக்கிறார்; ஊரையும் பாடசாலையையும் அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்.

*

அன்புள்ள மிஸ்ஸி அவர்களுக்கு,

எனக்கு வயது 37. பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். பிறந்து வளர்ந்தது தோட்டத்து லயன் வீட்டில். அம்மா கொழுந்து எடுத்தவர். நான்கு பிள்ளைகளில் பல்கலைக்கழகம் போனது நான் மட்டுந்தான்.

போன வருடம் என் தங்கையின் மகனைப் பேராதனையில் காட்டினோம். நான்கு வயது. ஓட்டிசம் என்றார்கள். தங்கைக்குச் சிங்களம் வராது என்பதால் துணைக்கு நான் போயிருந்தேன். டாக்டர் அவளிடம் மகனைப் பற்றிக் கேட்கக் கேட்க, என் மனம் எனக்காகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. சாமான்களை வரிசையாக அடுக்குவானா? நான் தேயிலைக் கொட்டைகளை அடுக்குவேன். யாராவது ஒன்றை நகர்த்தினால் அன்று முழுவதும் அழுகை. சத்தத்துக்குக் காதைப் பொத்துவானா? காமன் கூத்துக்குத் தப்பு அடிக்கத் தொடங்கியதும் நான் கட்டிலுக்கு அடியில் போய்விடுவேன்.

இப்போதும் பெரிதாக மாறவில்லை. ஒரே ரகத்தில் ஆறு பருத்திச் சேலை வைத்திருக்கிறேன், நிறம் மட்டும் வேறு. வேறு துணி பட்டால் தோல் எரிகிறது. இடைவேளையில் ஆசிரியர் அறையில் பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசும்போது ஒருவர் பேச்சும் எனக்கு விளங்குவதில்லை. விளையாட்டுச் சாமான் வைக்கும் அறையில் போய் நின்றுகொள்வேன். அதிபரிடம் ஏதாவது கேட்கவேண்டுமென்றால் நான் சொல்லப்போவதையும் அவர் சொல்லக்கூடியதையும் மனத்துக்குள் எழுதி, ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் போவேன். அவர் வேறேதாவது சொல்லிவிட்டால் வாயடைத்து நிற்பேன். பாடசாலையில் எனக்குத் 'திமிர் பிடித்தவள்' என்று பெயர். வகுப்பறையில் மட்டும் ஒரு கஷ்டமும் இல்லை. அங்கே யார் எப்போது பேசவேண்டும் என்பதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது.

நான்கு வருடத்துக்கு முன் மனச்சோர்வு என்று கிளினிக்கில் மருந்து தொடங்கினார்கள். இன்னும் குடிக்கிறேன். ஃபோனில் 50 கேள்விகள் உள்ள ஒரு சோதனையைச் செய்து பார்த்தேன், 38 வந்தது. என் கணவர் நல்லவர்தான். ஆனால் 'அது சின்னப் பிள்ளைகளுக்கு வருவது, உனக்கென்ன?' என்கிறார். அம்மாவோ, 'நீ எனக்கு ஒரு தொல்லையும் தராத பிள்ளை' என்று சாதிக்கிறார்.

நான் எங்கே போகவேண்டும்? இந்த வயதில் போவதால் பிரயோசனம் உண்டா? திணைக்களத்துக்குத் தெரிந்தால் வேலைக்குப் பங்கம் வருமா?

– ஒரு டீச்சர்

*

டீச்சர், உங்கள் கணவருக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஓட்டிசம் சின்னப் பிள்ளைகளுக்கு 'வருவது' இல்லை, பிறப்போடு இருப்பது. பிள்ளைகள் வளர்ந்துவிடுகிறார்கள், அவ்வளவுதான். 1943இல் அமெரிக்காவின் பால்டிமோரில் லியோ கனர் என்ற வைத்தியர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையோடுதான் மருத்துவ உலகம் இதைத் தனியாகப் பேசத் தொடங்கியது. அந்தப் 11 பேரில் முதலாமவர் டொனால்ட் டிரிப்ளெட். அவர் வளர்ந்து, மிசிசிப்பியில் தன் சொந்த ஊரிலேயே வங்கியில் வேலை பார்த்து, கார் ஓட்டி, கோல்ஃப் விளையாடி, 2023இல் 89 வயதில் காலமானார். 89 வயதிலும் அவருக்கு இருந்தது அதே ஓட்டிசந்தான். உங்கள் கணவருக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

'மதியிறுக்கம்' என்று சிலர் தமிழில் எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிக்காது. 32 வருடம் மனநலப் பிரிவில் தாதியாக இருந்தேன். நான் கண்ட ஓட்டிசக்காரர்களில் மதி இறுகிப்போன ஒருவரையும் ஞாபகம் இல்லை. ஓட்டிசம் என்றே எழுதுவோம்.

உங்களைச் சிறு வயதில் ஏன் யாரும் கண்டுபிடிக்கவில்லை? ஒரு காரணம், அப்போது வைத்தியர்கள் தேடியது பேசாத, ஆளைத் திரும்பிப் பார்க்காத பிள்ளைகளை. நன்றாகப் பேசிப் படிக்கிற பிள்ளைக்கும் இது இருக்கலாம் என்பதை லோர்னா விங் என்ற பிரித்தானிய வைத்தியர் 1981இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகே ஆங்கிலம் படித்த வைத்தியர்கள் பரவலாகப் பேசத் தொடங்கினார்கள். 2013இல், வைத்தியர்கள் நோயை இனங்காணப் பார்க்கும் அமெரிக்க மனநலச் சங்கத்தின் கையேடு பல பெயர்களில் கிடந்தவற்றையெல்லாம் ஒரே பெயருக்குள் கொண்டுவந்தது. சத்தம், துணி, மணம் ஆகியவை உடம்பைப் படுத்தும் பாட்டையும் அப்போதுதான் அளவுகோலில் சேர்த்தார்கள். உங்களுக்கு மிகவும் வேண்டிய ஒரு விஷயமும் அதே கையேட்டில் இருக்கிறது: அறிகுறிகள் சிறு வயதிலேயே இருந்திருக்கவேண்டும், ஆனால் வாழ்க்கை கேட்பது ஒருவரின் சக்தியை மீறும்வரை அவை முழுதாக வெளியே தெரியாமல் இருக்கலாம், பிற்காலத்தில் கற்றுக்கொண்ட உத்திகளால் மறைந்தும் போகலாம். அதிபரிடம் போகுமுன் நீங்கள் பார்க்கும் ஒத்திகை அந்த உத்திகளில் ஒன்று.

இரண்டாவது காரணம் நீங்கள் பெண். ஆண்பிள்ளை மூலையில் இருந்தால் 'என்னடா, பேய் பிடித்தவன்போல இருக்கிறாய்' என்பார்கள். பெண்பிள்ளை இருந்தால் 'எவ்வளவு அடக்கம்' என்பார்கள்.

அடுத்தது அம்மா. இங்கேதான் நான் கொஞ்சம் நிற்கவேண்டும். இரத்தப் பரிசோதனையிலும் ஸ்கேனிலும் ஓட்டிசம் தெரியாது. பெரியவர்களைப் பார்க்கும் வைத்தியர் இரண்டு விஷயங்களைத்தான் தேடுவார்: இன்று நீங்கள் எப்படி இருக்கிறீர்கள், நான்கைந்து வயதில் எப்படி இருந்தீர்கள். இரண்டாவதற்குச் சாட்சி வேண்டும். ஆகவே அம்மாவைக் கூட்டிவரச் சொல்வார். அம்மா வந்து 'ஒரு தொல்லையும் தராத பிள்ளை' என்று சொன்னால் வைத்தியர் கொப்பியில் அதை எப்படி எழுதிக்கொள்வார் என்று யோசியுங்கள்.

அம்மா பொய் சொல்லவில்லை. நான்கு பிள்ளைகள், ஒரு காம்பரா, ஓர் இஸ்தோப்பு. அந்த இடத்தில் ஒரு பிள்ளை யாரிடமும் போகாமல் தேயிலைக் கொட்டைகளை அடுக்கிக்கொண்டு தன்பாட்டில் இருந்தால் தாய்க்கு அது வரம். அவர் காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக்குப் போனால் அந்தி மடுவத்தில் கொழுந்து நிறுத்துவிட்டுத்தான் வீடு வருவார். பகல் முழுவதும் உங்களைப் பார்த்தவர் யார்? பிள்ளைக் காம்பரா ஆயா. முப்பது நாற்பது பிள்ளைகளை ஒரே இடத்தில் வைத்திருந்தவர். எந்தப் பிள்ளை மற்றப் பிள்ளைகளோடு சேரவில்லை, எது தொட்டால் கத்தியது, எது ஒரே கோப்பையில்தான் பால் குடித்தது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஒப்பிட்டுப் பார்க்க அவருக்கு ஒரு மடுவம் நிறையப் பிள்ளைகள் இருந்தார்கள், உங்கள் அம்மாவுக்கு நான்கு. என் தாயாரும் கொழுந்து எடுத்தவர். நான் எந்த வயதில் நடந்தேன் என்று அவரைக் கேட்டால் 'நடக்கிற வயதில்தான்' என்பார். ஆயாதான் சரியாகச் சொன்னார்: ஆடிப்பூரத் திருவிழாவுக்கு முந்தின கிழமை.

அந்த ஆயா உயிரோடு இருந்தால் இந்த மாதமே போய்ப் பாருங்கள். அவருக்கு எழுபது, எண்பது வயது இருக்கும். நாளைக்கென்று தள்ளிப்போட வேண்டாம். 'நான் நன்றாக இருந்தேனா?' என்று கேட்காதீர்கள். நன்றாக இருந்தாய் மகள் என்று சொல்லி, தேத்தண்ணீர் ஊற்றித் தந்து அனுப்பிவிடுவார். யாரோடு விளையாடினேன், கூப்பிட்டால் திரும்பினேனா, எதற்கு அழுதேன், அழுதால் எப்படிச் சமாதானமாவேன், என்ன சாப்பிட மறுத்தேன், கை கால்களை ஏதாவது விசித்திரமாக ஆட்டினேனா என்று கேளுங்கள். பதிலை அவர் சொல்வது மாதிரியே எழுதி வையுங்கள். அம்மாவையும் அதேபோலக் கேட்டால் வேறு கதை வரும். பழைய தேர்ச்சி அறிக்கைகள் இருந்தால் எடுங்கள். 'கெட்டிக்காரி, ஆனால் சக மாணவருடன் கலப்பதில்லை' என்று எந்த வகுப்பாசிரியராவது எழுதியிருந்தால் அந்த ஒரு வரி பெரிய சாட்சி.

எதையும் திருத்தாமல் எழுதச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 1998இல் நான் வேலை செய்த ஒரு வைத்தியசாலைக்கு, பெயர் வேண்டாம், ஒரு தகப்பன் 19 வயது மகனைக் கூட்டிவந்தார். பையன் நாள் முழுவதும் பஸ் டிக்கெட்டுகளை இலக்க வரிசையில் அடுக்குகிறான், வேலைக்குப் போகிறானில்லை என்பது முறைப்பாடு. டாக்டர் நல்ல மனிதர், தமிழ் தெரியாது. நான் மொழிபெயர்த்தேன். சிநேகிதர்கள் இருக்கிறார்களா என்று கேட்டார். பையன் தலையை நிமிர்த்தாமல் 'பதினேழு பேர்' என்றான். பிறகு அவனுடைய வகுப்பு இடாப்பில் இருந்த வரிசைப்படி, சேர்விலக்கத்தோடு, பெயர்களை ஒப்புவிக்கத் தொடங்கினான். வெளியே வாங்கிலில் நாற்பது பேர் காத்திருந்தார்கள். நான் பாதியில் நிறுத்திவிட்டு, 'இருக்கிறார்கள் சேர், பதினேழு பேர்' என்று சிங்களத்தில் சொன்னேன். டாக்டர் சிரித்துக்கொண்டே எழுதினார். கூச்ச சுபாவம், கொஞ்சம் மனச்சோர்வு, மருந்து. இரண்டு தடவை வந்தான், பிறகு வரவில்லை. அந்தப் பதினேழு பேரில் ஒருவனோடாவது அவன் ஒருநாள் பந்தடித்திருப்பானா? அதைக் கேட்டிருக்க வேண்டியவள் நான். அந்த அறையில் அவனைத் தவிரத் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

உங்களுக்குச் சிங்களம் வரும் என்பது தெரிகிறது. ஆனாலும் உங்கள் உள்ளே நடப்பதைச் சொல்வதற்கு எந்த மொழி வருமோ அந்த மொழியில் சொல்லுங்கள். தமிழ் தெரிந்த டாக்டர் கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் மொழிபெயர்ப்பவரிடம் முதலிலேயே, 'நான் சொல்வதைச் சுருக்காமல், அழகுபடுத்தாமல் சொல்லுங்கள்' என்று கேட்டுக்கொள்ளுங்கள். கணவரை மொழிபெயர்க்க வைக்கவேண்டாம். உங்கள்மேல் அன்பு உள்ளவர். அதனால் எல்லாவற்றையும் சமாளித்துச் சொல்வார், நான் சொன்னேனே, அதுபோல.

கண்ணைப் பார்த்துப் பேசுவது பற்றியும் ஒரு வார்த்தை. புத்தகங்களில் இதை ஒரு பெரிய அறிகுறியாக எழுதியிருப்பார்கள். எங்கள் பாட்டன் தோட்டத்துத் துரைக்கு முன்னால் நிமிர்ந்து பார்த்திருந்தால் வேலை போயிருக்கும். பெரியவர் முன்னால் தலை குனிவதை மரியாதையாகப் படித்து வளர்ந்தவர்கள் நாங்கள். டாக்டரின் முன்னால் நீங்கள் குனிந்திருந்தால் அதை வைத்து இப்படியும் சொல்ல முடியாது, அப்படியும் சொல்ல முடியாது. ஆகவே நீங்களே விளக்குங்கள்: மரியாதைக்காகக் குனிகிறீர்களா, அல்லது கண்ணைப் பார்த்தால் காதில் விழும் சொல் விளங்காமல் போகிறதா? என் அனுபவத்தில் அந்த இரண்டாவது பதில்தான் டாக்டரின் பேனாவை அசைக்கும்.

எங்கே போவது? உங்கள் கையில் ஏற்கெனவே ஒரு கிளினிக் கொப்பி இருக்கிறதே. அதைத் தந்த டாக்டரிடமிருந்தே தொடங்குங்கள். அவர் உங்களை நான்கு வருடமாக அறிவார். தங்கையின் மகனைப் பார்த்த பிள்ளைகள் பிரிவில் பெரியவர்களைப் பார்க்கமாட்டார்கள். ஆனால் பெரியவர்களை யார் நன்றாகப் பார்க்கிறார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும், அடுத்த தடவை போகும்போது கேளுங்கள். மேலே அனுப்பவேண்டுமென்றால் பேராதனை போதனா வைத்தியசாலையிலும் கண்டி தேசிய வைத்தியசாலையிலும் மனநல வைத்திய நிபுணர்கள் இருக்கிறார்கள். ஊவாப் பக்கத்தவர்களுக்குப் பதுளை. உங்கள் ஊரிலிருந்து ஹட்டன் வந்து, கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகப் போகும் கண்டி பஸ்ஸில் ஏறினால் பேராதனையிலேயே இறங்கிக்கொள்ளலாம். அரசாங்க வைத்தியசாலையில் காசு கட்டவேண்டியதில்லை, நேரந்தான் போகும். இரண்டு மூன்று தடவை போகவேண்டி வரும். பாடசாலை லீவை அதற்கேற்றபடி மிச்சம் பிடித்துவையுங்கள்.

கிளினிக்கில் உங்களுக்குக் கிடைப்பது பத்து நிமிடமாக இருக்கலாம். ஒத்திகை பார்ப்பவர் நீங்கள். அந்த ஒத்திகையே இங்கே எதிரியாகிவிடும். அழகாகப் பேசி, சிரிக்கவேண்டிய இடத்தில் சிரித்து, 'எல்லாம் சரி டாக்டர்' என்று வந்துவிடுவீர்கள். எனக்கு எழுதியதைப் போல இரண்டு பக்கம் எழுதி, அதைக் கையில் கொடுங்கள். சேலையும் சாமான் அறையும் அதில் கட்டாயம் இருக்கவேண்டும். 'பட்டதாரி, கல்யாணம் முடித்தவர், உங்களுக்கு எப்படி அம்மா?' என்று ஒரு டாக்டர் கேட்கக்கூடும். எல்லா டாக்டருக்கும் ஓட்டிசம் உள்ள பெரியவர்களைப் பார்த்துப் பழக்கம் இருக்காது. கோபப்படாமல், இன்னொருவரின் அபிப்பிராயத்துக்குக் கடிதம் தரமுடியுமா என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை, அவருக்கு அவமானமும் இல்லை.

ஃபோன் சோதனை விஷயம். நீங்கள் சொல்லும் 50 கேள்விச் சோதனை கேம்பிரிட்ஜில் 2001இல் செய்யப்பட்டதாகத்தான் இருக்கவேண்டும். அதில் 32 அல்லது அதற்கு மேல் வந்தால் விசாரித்துப் பார்ப்பது நல்லது என்றார்கள். 38 வந்தது உங்களை டாக்டரிடம் அனுப்பப் போதும். முடிவு சொல்ல அது போதாது. பதகளிப்பு உள்ளவர்களுக்கும் எண் ஏறலாம். பார்ட்டிக்குப் போவதைவிட நூலகத்துக்குப் போக விருப்பமா என்று அதில் ஒரு கேள்வி. லயத்தில் வளர்ந்த எனக்குப் பார்ட்டி எது, நூலகம் எது? சடங்கு வீடும் கோயில் திருவிழாவும் என்று மாற்றிக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

மருந்தை நீங்களாக நிறுத்தவேண்டாம். ஓட்டிசம் என்று முடிவானாலும் மனச்சோர்வு பொய்யென்று ஆகாது. முப்பது வருடம் நடித்துக் களைத்தவருக்கு மனச்சோர்வு வருவதில் என்ன ஆச்சரியம்? ஓட்டிசத்துக்கென்று மருந்து கிடையாது. பதகளிப்புக்கும் தூக்கத்துக்கும் மனச்சோர்வுக்கும் உண்டு. உயிரை வெறுக்கும் எண்ணம் எப்போதாவது வந்தால் கிளினிக் நாள்வரை காத்திருக்காதீர்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு இரவிலும் பகலிலும் அழைக்கலாம்.

பிரயோசனம் உண்டா என்று கேட்டீர்கள். மருந்தும் இல்லை, பணமும் இல்லை, மாற்றமும் இல்லை என்றால் எதற்கு என்றுதான் நானும் ஒருகாலத்தில் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. 'திமிர்' என்ற பெயரை நீங்களே பாதி நம்பிவிட்டீர்கள் என்பது உங்கள் கடிதத்தில் தெரிகிறது. சாமான் அறைக்கு ஒளிந்து போவதற்கும், 'எனக்கு இருபது நிமிடம் அமைதி வேண்டும்' என்று போவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. அதோடு தங்கையின் மகன் வளர்ந்துவருகிறான். அவன் எதற்குக் கத்துகிறான் என்பதைக் குடும்பத்தில் முதலில் கண்டுபிடிக்கப்போவது நீங்கள்தான்.

வேலை பற்றிப் பயப்படாதீர்கள். உங்கள் அனுமதி இல்லாமல் டாக்டர் அதிபருக்கோ வலயக் காரியாலயத்துக்கோ எழுதுவதில்லை. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், இயலாமையைக் காரணம் காட்டி ஒருவரை வேலைக்கு எடுப்பதில் பாரபட்சம் காட்டக்கூடாது என்கிறது. ஆசிரியர் அறையில் என்ன பேசுவார்கள் என்பதைப் பற்றி அந்தச் சட்டம் ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே சொல்வதா விடுவதா என்பதை நிதானமாக முடிவு செய்யுங்கள். பெயரைச் சொல்லாமலே சில விஷயங்களைக் கேட்டு வாங்கலாம். கூட்டத்தில் பேசப்போவதை முதல்நாள் எழுதித் தரச்சொல்லுங்கள். நேரசூசியை மாற்றுவதானால் காலையில் வாசலில் வைத்துச் சொல்லாமல் முன்கூட்டியே சொல்லச்சொல்லுங்கள். எந்த நல்ல அதிபரும் இதற்கு மருத்துவச் சான்றிதழ் கேட்கமாட்டார்.

*

எங்கள் மகனுக்கு 23 வயது. உயர்தரம் வரை கிரிக்கெட், கூட்டாளிகள் என்று கலகலப்பாக இருந்தவன். ஒன்றரை வருடமாக அறையை விட்டு வருவதில்லை. குளிப்பதில்லை. தனியே பேசுகிறான், சிரிக்கிறான். பூசாரியிடம் தண்ணீர் ஓதிக் கொடுத்தோம். மருமகள் எதிலோ படித்துவிட்டு ஓட்டிசம் என்கிறாள். அப்படியா? – ஒரு தகப்பன், மஸ்கெலியா

ஐயா, இது ஓட்டிசம்போலத் தெரியவில்லை. ஓட்டிசம் என்றால் மூன்று நான்கு வயதிலேயே தடயம் இருக்கும். இருபது வயதுவரை நன்றாக இருந்த பிள்ளை அதற்குப் பிறகு ஆள் மாறிப்போனால், இல்லாத குரல் கேட்பதுபோல நடந்துகொண்டால், அது வேறு நோய். அதற்கு மருந்து இருக்கிறது, நன்றாக வேலையும் செய்கிறது. ஆனால் எவ்வளவு தாமதிக்கிறீர்களோ அவ்வளவுக்கு மீட்பது கடினம். ஒன்றரை வருடம் ஏற்கெனவே போய்விட்டது. இந்தக் கிழமையே டிக்கோயா வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். வரமறுத்தால் நீங்கள் மட்டும் போய் மனநலப் பிரிவில் விஷயத்தைச் சொல்லுங்கள், வழி சொல்வார்கள். பூசாரியோடு சண்டை வேண்டாம். வைத்தியசாலைக்கு முதலில் போங்கள், கோயிலுக்கு வரும் வழியில் போகலாம். மருமகளை ஏசவேண்டாம், வீட்டில் இதை நோயென்று பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

*

பிள்ளைக்கு ஊசி போட்டால் ஓட்டிசம் வரும் என்று மாமியார் சொல்கிறார். – பண்டாரவளை

வராது. 1998இல் ஒரு பிரித்தானிய வைத்தியர் 12 பிள்ளைகளை வைத்து, சின்னமுத்துக்கும் சேர்த்துப் போடும் ஊசியைப் பற்றி அப்படி ஒரு கட்டுரை எழுதினார். 2010இல் அந்தச் சஞ்சிகையே கட்டுரையை மீளப்பெற்றுக்கொண்டது. அவருடைய வைத்தியப் பதிவும் பறிபோனது. பிறகு டென்மார்க்கில் 650,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பார்த்து 2019இல் எழுதினார்கள்: தொடர்பு இல்லை. மாமியாரிடம் சின்னமுத்து கண்ட பிள்ளையைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேளுங்கள். நான் பார்த்திருக்கிறேன்.

*

என் கணவருக்கு 44 வயது. கொழும்பில் காசு கட்டி டாக்டரைப் பார்த்து, ஓட்டிசம் என்று கடிதம் வாங்கிவந்தார். அன்றிலிருந்து எதற்கும் அதுதான் பதில். என் அண்ணன் மகளின் சடங்குக்கு வரமாட்டாராம், ஓட்டிசமாம். குடித்த கோப்பையைக் கழுவச் சொன்னாலும் ஓட்டிசமாம். உண்மையா, சாட்டா? – ஹப்புத்தளை

சடங்கு உண்மை, கோப்பை சாட்டு.

சடங்கு வீட்டை அவர் காதால் கேட்டுப் பாருங்கள். ஒலிபெருக்கி, பட்டாசு, அடுப்புப் புகை, 'எப்போது வந்தீர்கள், ஏன் மெலிந்துவிட்டீர்கள்' என்று ஒரே நேரத்தில் ஐந்து பேர். அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. அதற்காக வராமலே இருக்கவேண்டும் என்றில்லை. ஒலிபெருக்கி கட்டுவதற்கு முன், காலையிலேயே போங்கள். எப்போது புறப்படுவீர்கள் என்று நேரத்தைக் குறித்துச் சொல்லி, அந்த நேரத்துக்கு உண்மையாகவே புறப்படுங்கள். 'இன்னும் ஐந்து நிமிடம்' என்று இரண்டு மணித்தியாலம் இழுத்தால் அடுத்த தடவை வரமாட்டார். எல்லாவற்றையும்விட நல்ல வழி, மொய் எழுதும் மேசையில் அவரை உட்கார வைப்பது. கொப்பி, பேனை, பெயர், தொகை. வருகிறவர்கள் எல்லாரும் ஒரே விஷயத்தைத்தான் பேசுவார்கள், பேசிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். கணக்கு ஒரு ரூபாய் பிசகாது. உங்கள் அண்ணன் அடுத்த விசேஷத்துக்கு அவரைத் தானாகவே கூப்பிடுவார்.

கோப்பைக்கு எந்த டாக்டரும் கடிதம் தந்திருக்கமாட்டார். கடிதத்தை வாங்கி ஒருதடவை வாசித்துப் பாருங்கள். குளிர்ந்த தண்ணீர் கையில் படுவதுதான் அவருக்கு ஒவ்வவில்லை என்றால், ஹப்புத்தளையில் மார்கழித் தண்ணீர் யாருக்கும் ஒவ்வாதுதான். சுடுதண்ணீர் வைத்துக் கொடுங்கள், கழுவட்டும்.